யாரிடமிருந்து யாருக்கு

டொக், டொக் என்று ரப்பர் பந்து சுவரில் மோதும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பொழிச்சலூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை வீட்டின் பக்கச் சுவரில் கரியால் கிழித்த மூன்று கோடுகள்தான் எங்கள் தெருப் பையன்களுக்கு ‘ஸ்டம்பு’. ஏழாம் வகுப்புப் பாதியில் ரத்தப் புற்றுநோய் என்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்து, மழைக்காலமும் பொங்கலும் அங்கேயே கழிந்து, மொட்டைத் தலையும் வாயைக் கட்டிய துணியுமாக நான் திரும்பி வந்தபோது, சத்தம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. என்னைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். எதிர்வீட்டுச் செல்வம் மட்டும் ஒருமுறை பல்லாவரத்தில் ரயிலேறி வந்து, வாட்ச்மேனிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனான் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பில்தான் ஊசிகளைப் பொறுத்துக்கொண்டேன்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, யாராவது கிட்டே வந்தால் இன்ஃபெக்‌ஷன் ஆகும் என்று டாக்டர் சொன்னதில் பின்பாதியை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வந்து, தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்: “புள்ளயாண்ட யாரும் வராதீங்கம்மா, ‘இன்பெக்சன்’ ஆயிடும்னு டாக்டரே சொல்லிக்கீறாரு.” யாருக்கு ஆகும் என்று அவள் சொல்லவில்லை. கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் விழுந்த பந்தை எடுக்கச் செல்வம் வந்தான். மூக்கில் கைக்குட்டை.

“உள்ள வாடா.”

“வேணாம்டா. உன்னாண்ட வந்தா எங்களுக்கு ஒட்டிக்குமாம். உங்கம்மாவே சொல்லிச்சாம்.”

“லூசு, உங்களாண்டருந்துதான்டா எனக்கு ஒட்டும்!”

அவன் முகம் மாறிவிட்டது. “இன்னாடா சொல்ற? அப்ப நாங்கதான் அழுக்கா? நான் டெய்லி குளிக்கிறேன்டா, மொட்ட!”

பந்தோடு போய்விட்டான். இருந்த ஒருவனையும் நானே விரட்டிவிட்டேன் என்று அன்று சாப்பிடவில்லை. மறுநாள், ஆட்டம் தொடங்கும் முன்பே, தலையில் தண்ணீர் சொட்ட, தீபாவளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். “மோந்து பாரு, பேமானி. ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக்கீறேன்.”

அதற்குப் பிறகு தினமும் குளித்துவிட்டு வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, யார் எப்படி அவுட்டானான் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் போவான். மற்றவர்களிடமும் அவன் விளக்கிப் பார்த்தான், வீடுகளில் நம்பவில்லை. ஜூன் மாதம் நான் மறுபடி ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தபோது அவர்கள் எட்டாவதுக்குப் போயிருந்தார்கள். செல்வத்தைத் தவிர மற்றவர்கள் தூரத்திலிருந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சண்டையெல்லாம் இல்லை, பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. ஏசி மெக்கானிக்காக இருக்கும் செல்வம் எங்கள் வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் அம்மாவுக்குப் பழைய ஆத்திரம் கிளம்பிவிடும். “இவன் ஒருத்தன்தான் புள்ள. மத்ததுங்க ஒண்ணாவது உன்ன எட்டிப் பாத்துதாடா?”

செல்வம் என்னைப் பார்ப்பான்.

“இல்லம்மா” என்பேன். அவன் டீயைக் குடிப்பான்.