இரண்டாகப் பிரிந்த கருப்பை

மூன்று முறை கரு தங்கி, மூன்றும் ஐந்தாம் மாதத்திற்குள் கலைந்துவிட்டன. உச்சி வெயிலில் கடற்கரையில் நடந்தேன், நண்டு தின்றேன் என்று எங்கள் ராயபுரம் குப்பத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கோ உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. கணவரை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கருப்பைக்குள் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுவாரம் டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆட்டுக் கொம்பு போல வெள்ளையாக இரண்டு கிளை தெரிந்தது.

"இது ஒரே பையா இருக்கணும். உனக்கு ரெண்டு சின்ன அறையா பிரிஞ்சிருக்கு. குழந்தை வளர இடம் பத்தலை."

"எப்பலேர்ந்து இப்டி கீது?"

"நீ பிறந்ததிலிருந்தே."

நெஞ்சு லேசானது. வெயிலும் இல்லை, நண்டும் இல்லை.

"மூணும் எந்த அறைல இருந்துச்சிம்மா?"

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியலை. இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை."

வயிற்றைத் திறந்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கலாம். ஆனாலும் பிள்ளை தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வலை பின்னுகிறவரான என் கணவர் ஓரடி முன்னால் வந்து கேட்டார்.

"இன்னா நூல்ல தைப்பீங்க?"

"ஆட்டுக் குடல்ல செஞ்ச நூல். கொஞ்ச நாள்ல தானா கரைஞ்சிடும்."

"கரைஞ்சா பிரிஞ்சிக்காதா?"

"அதுக்குள்ள சதை ஒட்டிக்கும்."

வீடு திரும்பும்போது கணவர், "பயமாக்கீதா?" என்று மட்டும் கேட்டார்.

"பயந்தான். ஆனாலும் செஞ்சிக்கிறேன்."

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது வயிறு நெருப்பாய் எரிந்தது. ஒரு வருஷம் கரு தரிக்கவே கூடாது என்றார்கள். அப்படியே இருந்தோம். அதன்பின் தங்கிய கரு ஐந்தாம் மாதத்தைத் தாண்டியது. ஒருநாள் வலப்பக்கம் உதைத்தது, மறுநாள் இடப்பக்கம். நடுவில் தடுப்பு இல்லை என்பது அப்போதுதான் மனதில் பட்டது. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

வலி எடுத்தால் தையல் போட்ட இடம் கிழியக்கூடும் என்று முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு, மறுபடி வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போன பிறகும் ஓரகத்தியின் தங்கை மட்டும் நின்றாள்.

"அக்கா, எனக்கும் ரெண்டு தபா கலைஞ்சிடுச்சி. அந்தப் படம் எடுத்தா வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்ச நேரந்தான்."

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் அவளை நானே கூட்டிப்போனேன். அவளுடைய படத்தில் ஒரே பைதான் இருந்தது. காரணம் வேறு ஏதோ என்றார்கள். அது என்னவென்று கேட்க நாங்கள் இருவரும் இன்னும் பலமுறை போனோம்.