கோபுரத்தில் கதவடைத்த சீன ஆளுநர்

சென்ற புதன்கிழமை எனக்கு விடுமுறை. மனைவி இறந்த பிறகு, ஜெர்மனியின் ஹம் நகரில் என் வீட்டில் பேச ஆளில்லை. ரயில் நிலையத்தில் கண்ட விளம்பரம் ஒன்றை நம்பி, டோர்ட்முண்டில் நடக்கும் பழைய சீனப் போர்த்தலைவர்கள் பற்றிய கண்காட்சிக்குப் புறப்பட்டேன். காலை 9.20 ரயில், முப்பது கிலோமீட்டர், நுழைவுச்சீட்டு ஒன்பது யூரோ. மழை என்பதாலோ என்னவோ, உள்ளே கூட்டமே இல்லை.

கடைசி அறையில் ஆளுயர மண்கோபுர மாதிரி ஒன்று இருந்தது. காவலுக்கு நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணை, தமிழோ?”

“ஓம் தங்கச்சி.”

“வாங்கோ, இந்தக் கோபுரத்தில இருந்த ஆளின்ர கதையைச் சொல்லுறன். நாள் முழுக்க இவரோடதான் நிக்கிறன்.”

வட எல்லை மாகாணத்து ஆளுநராம் அவர். வெள்ளைக் குதிரைப் படையோடு எதிரிகளை நடுங்க வைத்தவர், ஒரு பெரிய தோல்விக்குப் பின் யாரையும் நம்பவில்லை. பல வருடத் தானியத்தைக் குவித்து, கோபுரம் கட்டி, இரும்புக் கதவுக்குப் பின்னால் குடியேறினார். ஆண்கள் உள்ளே வரக் கூடாது. கடிதங்களைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள். கட்டளைகளைப் பெண்கள் உச்சியிலிருந்து கத்திச் சொன்னார்கள்.

“இவற்ற தளபதி ஒராளை எதிரி சுத்தி வளைச்சிட்டான். உதவி கேட்டும் இவர் மாட்டன் எண்டிட்டார்.”

“ஏன்?”

“ஒராளைக் காப்பாத்தினா மற்றவையும் உதவி வரும் எண்டு இருந்திடுவினமாம், சண்டை பிடிக்க மாட்டினமாம்.”

மூன்று வருடங்களுக்கு முன் வேலையும் வீடும் இழந்த என் தம்பி, ஒரு மாதம் என்னோடு தங்கக் கேட்டான். “இடம் குடுத்தா நீ உன்ர காலில நிக்க மாட்டாய்” என்றேன். பிறகு அவன் அழைக்கவில்லை. நானும்தான்.

உதவி வராது என்று கண்ட ஆளுநரின் மற்றத் தளபதிகள் ஒவ்வொருவராகச் சரணடைந்தார்களாம். எதிரி சுரங்கம் தோண்டிக் கோபுரத்தைச் சரித்தான். ஆளுநர் குடும்பத்தைத் தன் கையாலேயே கொன்று, தீயில் இறந்தார்.

நான் ஹம்முக்குத் திரும்பாமல், தம்பி இருக்கும் ஹாகன் நகருக்கு ரயில் ஏறினேன். தம்பியின் முகவரி உறவினர் சொல்லித் தெரியும். அடுக்குமாடி வாசலில் அழைப்புமணியை அழுத்தினேன்.

“ஆர்?”

“நான்தான்டா, அண்ணை.”

“இப்ப ஏலாது. வேலைக்கு வெளிக்கிடுறன்.”

“நிக்கிறன்.”

இருபது நிமிடங்களில் இறங்கி வந்தான். தலை நரைத்திருந்தது. பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். ஏறும்போது, “ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை” என்றான். வா என்று சொல்லவில்லை. நான் போவேன்.

கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு: திங்களன்று பூட்டு. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டோர்ட்முண்டிலிருந்து ஹாகனுக்கு ரயிலில் ஏறக்குறைய இருபது நிமிடங்கள்தான். டோர்ட்முண்டைத் தாண்டி மூன்று வருடங்களாக நான் போகாத தூரம் அவ்வளவே.