பிரிக்காத இரண்டு ஓலைகள்

அந்தப் படத்தை இப்போது திறந்தாலும் என் கண் முதலில் போவது ஓலையின் நடுவே பூச்சி அரித்த துளைக்குத்தான். மிளகளவுதான் இருக்கும். திரையில் பெரிதாக்கினால் அதற்குள் சில கீறல்கள் தெரியும். அடியில் ஒட்டிக்கிடந்த இன்னோர் ஓலையின் எழுத்து அது. அந்த ஓலையும் இன்று இல்லை, அதைப் படிக்க ஆசைப்பட்ட மேடமும் இல்லை.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் சுவடிப் பிரிவுக்கு அவர் தலைவி. நான் சுவடிகளைப் படமெடுப்பவள். குழந்தை நோய்களைப் பற்றிய, அச்சேறாத இடைக்கால மருத்துவ நூல் ஒன்றைப் பதிப்பிக்க அவர் பல ஆண்டுகளாக முயன்றுகொண்டிருந்தார். கிடைத்த பிரதிகளில் எல்லாம் வலிப்பு பற்றிய பகுதி மட்டும் இல்லை. அந்தப் பகுதியோடு ஒரு பிரதி நசரத்பேட்டையில், அம்பத்தூரில் லேத் ஓட்டும் ஒருவர் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. அவருடைய தாத்தா குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். சுவடிக்கட்டை வெளியே அனுப்ப வீட்டுக்காரருக்கு மனமில்லை. அதனால் கேமராவையும் விளக்குகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாங்களே போனோம்.

வலிப்புப் பகுதி வந்தபோது இரண்டு ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மேல் ஓலையின் முன்பக்கம் நோயின் குறிகளை எல்லாம் சொல்லிவிட்டு, மருந்தைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் முடிந்தது. மருந்து, உள்ளே ஒட்டிய இரு பக்கங்களில்.

“பிளேடு வெச்சி லேசா நெம்புனா வந்துடும் மேடம். நான் பண்ணட்டா?” என்றார் வீட்டுக்காரர்.

மேடம் அவர் கையைத் தடுத்தார். “வேணாங்க, எழுத்து உரிஞ்சுக்கிட்டு வந்துடும். ஓலை பிரிக்கத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் பொங்கல் கழிச்சு வரோம்.”

யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் ஒட்டிய ஓலைகளின் மேல்பக்கத்தையும், புரட்டிப்போட்டு அடிப்பக்கத்தையும் எடுத்தேன்.

பொங்கலுக்கு முன்பே பெருமழை வந்தது. வெள்ளம் வடிந்தபின் போனபோது வீட்டுக்காரர் முழங்கால் வரை சேறோடு வாசலில் நின்றிருந்தார். “ஊடு மொத்தம் முங்கிடுச்சி மேடம். புள்ளைங்கள தூக்கினு மாடிக்கு ஓடவே சரியா பூட்ச்சி. கட்டு போன எடம் தெரில.” பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று மேடம் கேட்டார்.

அன்றிலிருந்து நான் எடுத்த படங்களே பிரதி என்றாயின. எங்கெங்கோ இருக்கும் ஆய்வாளர்கள் அவற்றை வைத்துக் கட்டுரைகள் எழுதினார்கள். நடுவே படம் விட்டுப்போயிருக்கிறதே, அனுப்ப முடியுமா என்றும் கேட்டார்கள். மேடம் அந்தத் துளையை விட்டு வரவே இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெரிதாக்கச் சொல்வார். ஓர் எழுத்தின் கொம்பு தெரிகிறது என்பார். மறுநாள் அது கொம்பில்லை, வெறும் கீறல் என்பார். “கனவுல பிரிச்சிடறேம்மா. படிக்கவும் படிக்கிறேன். எழுந்தா ஒரு எழுத்துகூட நினைவில்ல” என்று ஒருமுறை சொன்னார். அப்போது அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, சிதைந்த எழுத்தை மீட்டுத்தரும் புது மென்பொருள் ஒன்று வந்தது. துளையின் படத்தை அதற்குக் கொடுத்தேன். ஒரு மூலிகையின் பெயர் பளிச்சென்று வந்து நின்றது. ஓடிப்போய் மேடத்தை அழைத்துவந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“இது ஓலையில இருந்ததைக் காட்டுதா, நமக்கு வேணுங்கிறதைக் காட்டுதா? இன்னொரு தடவ போடு.”

இந்த முறை வேறொரு மூலிகை வந்தது. அதுவும் அதே அளவு பளிச்சென்று இருந்தது. மேடம் கையை நீட்டித் திரையை அணைத்தார். “குழந்தைக்குக் குடுக்கிற மருந்தும்மா” என்றார்.

நூல் அச்சுக்குப் போனபோது, அந்த இடத்தில் வழக்கம்போல ‘ஏடு சிதைந்தது’ என்று போட்டுவிடலாம் என்றார்கள். மேடம் ஒப்பவில்லை. அரைப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அடியில் எழுதினார்: ‘இங்கே இரண்டு பக்கங்கள் இருந்தன. பிரித்தால் சேதமாகும் என்று பிரிக்காமல் விட்டேன். பிறகு ஓலைகளே இல்லாமல் போயின.’

முதல் படியைக் கொடுக்க நசரத்பேட்டைக்குப் போனோம். வீட்டுக்காரர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, அந்த வெற்று அரைப்பக்கத்தில் வந்து நின்றார்.

“இங்க மட்டும் இன்னாத்துக்கு காலியா கீது?”

மேடம் சொன்னார். அவர் அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “அன்னிக்கி நான் நெம்பியிருந்தா?”

“உடைஞ்சிருக்கலாம். ஒரு வரியாவது படிச்சிருக்கவும் செய்யலாம். தெரியலங்க. வேணாம்னு சொன்னது நான்தான்.”

அவர் புத்தகத்தை மூடி சாமி படத்தின் கீழே வைத்தார். “டீ சாப்ட்டு போங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

திரும்பும் பேருந்து பூந்தமல்லியைத் தாண்டியது. மேடம் சன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார்: “அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்மா.”