என் இடியைத் திருடிய டிராக்டர்

குத்தாலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘மேடம், இங்கிலீஷில் “ஸ்டீலிங் மை தண்டர்” என்கிறார்களே... இடியைப் போய் எப்படித் திருடுவது?’

டிக்‌ஷனரியைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. போன ஞாயிறு என் இடி திருட்டுப் போனது. பட்டப்பகலில், நீடாமங்கலத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும்!

முதலில் அந்த ஆங்கில இடி. முந்நூறு வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு நாடக ஆசிரியர் இருந்தார். மேடையில் இடிச் சத்தம் எழுப்பப் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தாராம். இடி பிரமாதம். நாடகம்தான் படுத்துவிட்டது. தியேட்டர்காரர்கள் அதைத் தூக்கிவிட்டு வேறொருவர் நாடகத்தைப் போட்டார்கள். அதைப் பார்க்கப் போய் உட்கார்ந்தார் மனிதர். திடீரென்று மேடையில் — அவருடைய இடி! என் நாடகம் வேண்டாம், இடி மட்டும் வேண்டுமா என்று எழுந்து நின்று கத்திவிட்டாராம். நமக்கு வரவேண்டிய கைதட்டலை இன்னொருவர் தட்டிக்கொண்டு போனால், அதுதான் இடித் திருட்டு.

அவருக்காவது கத்த முடிந்தது. கிரகப்பிரவேச வீட்டில் நான் யாரிடம் கத்துவது?

விஷயம் இதுதான். ஐம்பது வயதைத் தாண்டி கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. நாத்தனார் சுமதி நீடாமங்கலத்தில் கட்டியிருக்கும் புது வீட்டு வாசலில், நானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும். முக்கியமாக, மாமியார் பார்க்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயால் ஒரே ஒரு ‘பரவாயில்லையே’ கேட்டுவிட நானும் பார்க்கிறேன்...

தஞ்சாவூரிலிருந்து கிளம்பினேன். பட்டுப்புடவை, கூலிங் கிளாஸ். பக்கத்தில் வீட்டுக்காரர், இல்லாத பிரேக்கை மிதித்தபடி. பந்தல் முன்னால் நிறுத்தி இறங்கினேன்.

மாமியார் காரைப் பார்த்தார். ‘டிரைவர் எங்கடி? அவனையும் சாப்பிடச் சொல்லு.’

‘நான்தான் அத்தை ஓட்டிட்டு வந்தேன்!’

‘நீயா?’ அவர் கண்கள் விரிந்தன. சுமதி ஓடி வந்தாள். ‘அண்ணி, நீங்களா!’ இரண்டு பேர் செல்போனைத் தூக்கினார்கள். இதோ... வரப்போகிறது அந்தப் ‘பரவாயில்லையே’...

படபடபடவென்று ஒரு சத்தம். தெருமுனையில் டிராக்டர்.

ஓட்டி வந்தது என் ஓரகத்தி வசந்தா — கொழுந்தன் மனைவி. அம்மாபேட்டைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறாள். புடவைக்கு மேல் கொழுந்தனின் சட்டை, தலையில் துண்டு. பின்னால் டிரெய்லரில் சுமதிக்குத் தாய்வீட்டுச் சீர்: வாழைத்தார், அரிசி மூட்டை, பித்தளை அண்டா.

தெருவே அந்தப் பக்கம் திரும்பியது. செல்போன்களும்தான். நாயனக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மாமியார்? ‘ஏ சுமதி, உப்பு மொளகா எடுத்தாடி! எம் மருமவளுக்குச் சுத்திப் போடணும். ஊர்க்கண்ணே பட்டிருக்கும்!’

எம் மருமவ! அப்போ நான் யாராம்? பக்கத்து வீட்டுக்காரியா?

பந்தியில் கேசரி கசந்தது. ‘வேணும்னே செஞ்சிருக்கா’ என்றேன் வீட்டுக்காரர் காதில். ‘நான் கார் பழகுறதை நீங்கதானே உங்க தம்பிகிட்ட சொன்னீங்க?’ அவர் அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

கை கழுவப் போனால், குழாயடியில் வசந்தா.

‘எப்ப பழகினே டிராக்டர்?’ என் குரலில் இருந்த புளிப்பு எனக்கே கேட்டது.

‘இந்த சம்பாவுலதாங்க்கா. இவருக்கு முதுகுல டிஸ்க் நழுவிப் போச்சு. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, நாத்து தயாரா நிக்குது. உழவுக்கு ஆளைக் கூப்பிட்டா இன்னிக்கு வரேன், நாளைக்கு வரேங்கிறாங்க. நானே ஏறிட்டேன். மொத நாள் அழுதுகிட்டேதான் ஓட்டினேன்.’

‘எங்ககிட்ட சொல்லவே இல்லையே?’

‘சொன்னா ஐயோ பாவம்பீங்க. அவருக்கு அது பிடிக்காது. இன்னிக்கும் வேன்காரர் கடைசி நேரத்துல கைவிரிச்சுட்டாரு. இவரை பஸ்ல அனுப்பிட்டு நான் இதை எடுத்துட்டு வந்தேன். இல்லன்னா இந்தக் கோலத்துல வருவேனா?’ சட்டையில் இருந்த கிரீஸ் கறையை நகத்தால் சுரண்டினாள்.

அவளே தொடர்ந்தாள். ‘ஒண்ணு சொல்லட்டுமாக்கா? வர்ற வழியில எனக்குப் பின்னாடி அப்படி ஹார்ன் அடிச்சீங்களே... முந்திக்கிட்டுப் போறப்பதான் நீங்கன்னு பார்த்தேன். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, கூலிங் கிளாஸ் வேற. வயிறு எரிஞ்சுதுக்கா. நெசமா.’

வயிறு எரிந்ததா? என்னைப் பார்த்தா! இவ்வளவு நல்ல செய்தியைச் சமீபத்தில் நான் கேட்டதே இல்லை. கேசரி இப்போது நிச்சயம் இனித்திருக்கும் — இலையைத்தான் மூடிவிட்டேன்.

‘ஓட்டிப் பாக்கறியா?’ என்று கேட்டது நான்தான்.

புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் காலி மனைக்குப் போனோம். கிளட்ச், கியர் என்று டீச்சர் தோரணையில் ஆரம்பித்தேன். ‘ரிவர்ஸ்தான் கஷ்டம். வர்றதுக்கு நாளாகும்’ என்றும் எச்சரித்தேன்.

வசந்தா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இரண்டு தென்னைகளுக்கு நடுவே காரைப் பின்னாலேயே கொண்டுபோய், அளந்து வைத்தது போல நிறுத்தினாள். ‘டிரெய்லர் இல்லாததால ஈஸியா இருக்குக்கா!’

எனக்கு அந்த ரிவர்ஸ் வருவதற்குள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

பொறாமையெல்லாம் போய்விட்டது என்று நான் எங்கேயாவது எழுதினேனா?