சிங்கி இறாலும் என் சந்தேகமும்

முதலில் கண்ணில் பட்டது கையுறை. என் கணவரின் அலமாரியில், சலவைக்குப் போட வேண்டிய சட்டைகளுக்கு அடியில், உள்ளங்கையில் ரப்பர் பூசிய தடித்த கையுறை ஒரு ஜோடி. தம்பானூரில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பேனா பிடிக்கிற மனிதருக்கு அது எதற்கு? கேட்டேன். "கார் கழுவ" என்றார். அவர் கார் கழுவி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று கிடைத்தது. பிறகு உறையோடு ஒரு கத்தி. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மீன் தலைகள், தலைகள் மட்டும். அந்த மாதம் மூன்று இரவுகள் "ஆடிட்" என்று கிளம்பிப் போய் விடிகாலையில் உப்பு வாடையோடு வந்தார். காலண்டரைப் பார்த்தேன். மூன்றும் அமாவாசையை ஒட்டிய நாள்கள்.

நாகர்கோவிலில் இருக்கும் தங்கையிடம் ஃபோனில் சொன்னேன். "கத்தி, அமாவாசை, மீன் தலைன்னா வேற என்னக்கா? மந்திரவாதந்தான்" என்று சிரித்தாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

கார் டிக்கியில் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்த அன்று மந்திரவாதம் மறந்துபோனது. சிறிய அளவு; அவருடைய தொப்பைக்கு ஏறாது. அதன் கொக்கியில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது. நல்ல கறுப்பு. என்னுடையது பாதி நரைத்துவிட்டது.

அடுத்த முறை அவர் கிளம்பியபோது நானும் சுடிதார் போட்டுக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எங்க?"

"ஆடிட் எப்படி நடக்குன்னு பாக்கணும்."

கோவளம் தாண்டித் தெற்கே ஓட்டினார். ஒரு சின்னக் கடற்கரையில், இரண்டு பேர் அமரும் கயாக் படகின் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் சுற்றுலாக்காரர்களுக்கு கயாக் வாடகைக்கு விடுகிறவள். அதற்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வந்தபோது இவருக்கு அறிமுகமாம். நிலா இல்லாத இரவுகளில் பாறையோரம் சிங்கி இறால், அதாவது லாப்ஸ்டர், பிடிக்கிறாள்.

"சாரோட வைஃபா? சாரு ரெண்டு தடவ கடலுக்கு வந்தாரு சேச்சி. ரெண்டு தடவையும் வாந்தி. இப்ப கரையில இருந்தா மதி, அதே போதும். நான் சொன்ன நேரத்துக்குத் திரும்பலேன்னா ஆள் கூப்பிடணும், அல்லே?"

நான் கணவரைப் பார்த்தேன். "கரையில இருக்க கையுறை எதுக்கு?"

"கொண்டு வந்தா பையிலேருந்து பெட்டிக்கு மாத்துறது நான்தான். முள்ளு குத்தும்."

"இத வீட்டுல சொன்னா என்ன?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நானும் கடலுக்கு வாரேன்" என்றேன். எங்கள் ஊர்ப் பழையாற்றில் நீந்தி வளர்ந்தவள் நான். அவளைத் தனியாக விசாரிக்க வேறு வழியும் தெரியவில்லை.

டிக்கியில் நான் பார்த்த தன்னுடைய ஜாக்கெட்டையே எனக்கு மாட்டி, ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தாள்; வாடகைக்கு விடும் ஜாக்கெட் ஒன்றைத் தான் போட்டுக்கொண்டாள். கழுத்தில் விசில் கட்டினாள். ஃபோனை நீர் புகாத பைக்குள் போட்டாள். பாறைகளுக்கு அருகே போனதும், இரும்பு வளையத்தில் கட்டிய வலையின் நடுவே மீன் தலைகளைக் கட்டி இறக்கினாள். காத்திருந்தோம்.

"கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டேன்.

"சேச்சி என்னெ நோட்டம் பாக்க வந்ததா?"

"ஆமா."

வலைக் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "என்னெக் கட்டினவரு இதே பாறைக்குத் தனியாத்தான் வந்தாரு. திரும்பி வரலேன்னு எங்களுக்குத் தெரிஞ்சதே மறுநாள்தான். அதான் கரையில ஒராள் இல்லாம நான் எறங்க மாட்டேன்."



வலையைச் சரசரவென்று இழுத்தாள். மூன்று இறால்கள் வாலை அடித்துத் துள்ளின. ஒன்றை மீசையின் அடியில் பிடித்துத் திருப்பினாள். வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். கடலில் விட்டாள். இன்னொன்றை அளவுகோல் வைத்து அளந்து, சின்னது என்று அதையும் விட்டாள். எனக்குக் காட்டத்தான் இவ்வளவு யோக்கியமோ என்று அப்போதும் ஒரு எண்ணம் ஓடியது. மூன்றாவதை மட்டும் பையில் போட்டாள்.

நீரோட்டம் மாறியதால் திரும்பும்போது கால் மணி நேரம் தாமதம். கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, யாரையோ ஃபோனில் அழைத்துக்கொண்டிருந்தார். என் கையைத்தான் முதலில் பிடித்தார்.

"ஏன் லேட்டு?" என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினாள். நானும் வாங்கினேன்.

இப்போது நானும் அவளோடு கடலுக்குப் போகிறேன். சந்தேகம் போயிற்றா என்று தங்கை கேட்கிறாள். முழுதாகப் போகவில்லை. கயாக்காரியிடம் நான் இன்னும் மனம்விட்டுச் சிரித்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் இரண்டாம் முறை போனபோது, என் உயரத்துக்கு ஏற்றபடி குட்டையான துடுப்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தாள்.