ஓசூர் – ராயக்கோட்டை: தண்டவாளம் போன மேட்டில் ஒரு வாரம்

போன தை மாதம் நானும் என் கணவரும் ஓசூருக்குப் போய் ஒரு வாரம் தங்கி வந்தோம். ஓசூரைச் சுற்றிப் பார்க்க என்று யாரும் போவதில்லை. பெங்களூர் போகிறவர்கள் பஸ் நிற்கும்போது இறங்கிக் காப்பி குடிக்கிற ஊர் அது. நாங்கள் போனது அவருடைய ஆராய்ச்சிக்காக. ‘அவருடைய’ என்று எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் கணவர் சபாபதியும் ஒரே வகுப்பில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள். சர்வே பாடத்தில் நான் முதல், அவர் மூன்றாவது. கல்யாணம் ஆன பிறகு சாலைப் பொறியியலில் மேல்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்து ஓர் இடம் வந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். பேராசிரியர் என்னிடம் அன்பாகத்தான் பேசினார். “காடு மேடு என்று அலைகிற வேலையம்மா. வீட்டில் ஒருவர் படித்தால் இருவரும் படித்த மாதிரிதானே” என்றார். இடம் சபாபதிக்குப் போனது. எனக்கு ஓர் அலுவலகத்தில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலை. அவர் ஓசூர் கிளம்புகிறார் என்றதும் நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவி கூடப் போவதை யார் தடுக்க முடியும்?

சென்னையிலிருந்து சேலம் போகும் ரயிலில் திருப்பத்தூரில் இறங்கினோம். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு இருபத்தைந்து மைல், பஸ்ஸில் பதின்மூன்று அணா. கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஓசூருக்கு இன்னொரு முப்பது மைல், ஒரு ரூபாய். சூளகிரி தாண்டியதும் காற்று மாறிவிடும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் போர்வையை மூட்டைக்குள் கட்டாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் கண்டக்டர் எங்கள் மரப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, ஆர்மோனியப் பொட்டியா?”

“மட்டம் பாக்கற கருவி. ரோடு போடறதுக்கு முன்னாடி மேடு பள்ளம் அளக்கறது” என்றேன் நான்.

கண்டக்டர் என் கணவரைப் பார்த்து, “அப்டீங்களா சார்?” என்றார். அவர் தலையாட்டிய பிறகுதான் பெட்டி மேலே ஏறியது.

ஓசூரில் பயணியர் பங்களாவில் தங்கினோம். அறை சுத்தம், வெந்நீர் கேட்டால் கிடைக்கும், சாப்பாடு வெளியில்தான். கடைத்தெருவில் ஒரே ஆள் கன்னடத்தில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் சில்லறை கேட்பார். நமக்குத் தமிழ் மட்டும் போதும்.

தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துப் போனார்கள். மண்மேடு மட்டும் வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. ரயிலுக்காகப் போட்டதாகையால் செங்குத்தான ஏற்றமே இல்லை. மாட்டு வண்டிகள் சுகமாகப் போகும். இதைச் சாலையாக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி.

தினம் காலையில் வண்டி பேசிக்கொண்டு ராயக்கோட்டைப் பக்கமாகப் போவோம். அவர் முக்காலியில் கருவியை நிறுத்திக் கண்ணை வைப்பார். நான் தூரத்தில் எண்கள் எழுதிய நீளக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் கையை இடப்பக்கம் ஆட்டினால் கோலை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். சர்வே பாடத்தில் முதலாக வந்தவள் நான்.

பக்கத்து அவரைக் காட்டில் காய் பறித்துக்கொண்டிருந்த முனியம்மா என்பவர் இரண்டாம் நாள் என்னிடம் வந்து கேட்டார்.

“ஏம்மா, அவரு குனிஞ்சி குனிஞ்சி இன்னாவோ பாக்கறாரு. நீ கம்பு புடிச்சிகினே நிக்கற. உனுக்குப் பாக்கத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் இன்னாத்துக்கு அவரே பாக்கறாரு?”

“படிக்கிறது அவரு” என்றேன்.

“நல்லா கீதே” என்று சொல்லிவிட்டு அவர் காய் பறிக்கப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் என் கணவருக்கு இரண்டு கண்ணும் சிவந்து, பீளை கட்டி, இமை திறக்க முடியவில்லை. கண்வலி. ஓசூர் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றார்கள். ஊர் திரும்பிவிடலாம் என்றார் அவர். நான் கருவிப் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தேன்.

அன்றும் மறுநாளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் கோலைப் பிடித்தார், நான் பார்த்தேன். அந்தக் கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மாடுகள் வானத்தில் நடக்கும், சக்கரம் மேலே சுற்றும். கல்லூரிக்குப் பிறகு அன்றுதான் அதில் கண் வைத்தேன்.

வேலைக்கு நடுவே ஒன்றைக் கவனித்தேன். மேடு ஒரு வண்டி அகலம்தான். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை, இருபுறமும் சரிவு. முழு நீளமும் அகலப்படுத்துவதற்குப் பதில் புதுச் சாலையே போடலாம், ஆகவே இது உதவாது என்று என் கணவர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். ஆனால் பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் மேடு அகலமாக விரிகிறது. அங்கே வந்த ஒரு வண்டி, தொலைவில் எதிர்வண்டியைக் கண்டதும் ஒதுங்கி நின்றது. அது கடந்து போனதும் கிளம்பியது. பாதை நேராக இருப்பதால் வெகுதூரம் தெரிகிறது. ஓர் ஒதுங்குமிடத்திலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அமைத்தால், மீதி நீளத்தைத் தொடவே வேண்டாம்.

அன்று சாயங்காலம் பங்களாவில் இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணில் மருந்து விட்டேன், சாப்பாடு வாங்கி வந்தேன். இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டுமே என்று தோன்றியது. மறுநாள் காலை அவர், “உதவாதுன்னே எழுதிடறேன், மைதிலி” என்றபோது சொல்லிவிட்டேன். அன்பினால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். தப்பான முடிவு அச்சில் வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “இது எனக்கு ஏன் தோணலை?” என்றார். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக எனக்குப் பழக்கமான நோய் அது. அன்றைக்கு இட்லி இரண்டு அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆராய்ச்சி எழுதி முடித்து வாய்மொழித் தேர்வு நடந்தபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒதுங்குமிடங்களின் தூரத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டார்களாம். “அது என் மனைவி கண்டது. அவளே சொல்லட்டும்” என்று அவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். எனக்கு இடம் தராத அதே பேராசிரியர் முன்னால் நின்று கால் மணி நேரம் பதில் சொன்னேன். எதற்கும் தடுமாறவில்லை. கடைசியில் அவர், “இந்த வருஷமும் ஓர் இடம் இருக்கிறதம்மா” என்றார். பட்டம் என் கணவருக்குத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அவருக்குத்தான் கை கொடுக்கிறார்கள். நான் காப்பி கொண்டு வருகிறேன், எரிச்சல் தீரவில்லை. விண்ணப்பம் அனுப்பினேன், இடமும் கிடைத்துவிட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். மழைக்காலத்தில் மேட்டின் சரிவு வழுக்கும். பங்களாவுக்கு முன்கூட்டியே எழுதிப்போடுங்கள். வாடகை வண்டிக்காரரிடம் போகவர இரண்டுக்கும் சேர்த்துப் பேசுங்கள். கண்வலி மருந்து கொண்டு போங்கள்.

ஓசூரிலிருந்து மலைப்பக்கம் போகும் இன்னொரு பாதையையும், இடம் கிடைத்த பிறகு என் ஆராய்ச்சிக்காக, ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்து வந்தேன். எந்தப் பாதை, எத்தனை மைல், எங்கே பஸ் ஏறுவது என்று இங்கே எழுதமாட்டேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இதை என் கணவரும் படிப்பார்.