மருமகனின் செருமல்

எங்கள் வீட்டு ஹோலை நான் பகல் வெளிச்சத்தில் அவசரமில்லாமல் ஆறுதலாகக் கடந்து வெகுகாலம். வீடு நானும் என் கணவரும் கட்டியது. மகளுக்குக் கலியாணம் பேசியபோது ஊர் வழக்கப்படி அதை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். மருமகன் அந்த வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து ஹோல் அவருடையது, சமைக்கிற குசினியும் பின்னறையும் என்னுடையவை. யாரும் அப்படிப் பங்கு பிரித்துத் தரவில்லை. என் உம்மா தன் மருமகனின் கண்ணில் படாமல் ஒதுங்கி நடந்தார், நானும் அப்படியே நடந்தேன்.

"மார்க்கத்தில அப்பிடி ஒண்டும் இல்ல உம்மா. அவருக்கு நீங்க தாய் மாதிரி" என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், அவளுக்கு எல்லாம் விளங்கும். எனக்கும் விளங்கும். என் கால்களுக்குத்தான் விளங்குவதில்லை.

மருமகனும் மரியாதையில் குறைந்தவரல்ல. கல்முனை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு தரம் செருமுவார். தொண்டையில் சளி ஒன்றும் கிடையாது. மாமி ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அந்தச் செருமல். அது காதில் விழுந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு நான் உள்ளே ஓடிவிடுவேன். ஆள் இல்லாத நேரத்தில் சுவரைத் தொட்டுத் தொட்டுத் தவழ்கிற மாதிரி நடக்கிறவள், அவர் செருமினால் குமரிப்பிள்ளை ஆகிவிடுவேன்.

ஓடும் வழியையும் சொல்ல வேண்டும். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் திரைச்சீலை போட்ட ஒடுங்கிய நடை. மாவடிப்பள்ளி வயலிலிருந்து வந்த நெல் மூட்டைகள் அதில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தன. பகலிலும் இருட்டு. லைற் சுவிட்ச் குசினிப் பக்கத்தில் இருந்தது. நடையின் முடிவில் பழைய சாரியை மடித்துப் போட்ட கால்மிதி. கீழே கண்ணாடி போன்ற டைல்ஸ். கலியாணத்துக்கு முன்னால் நல்ல சீமெந்துத் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு, முகம் தெரிய வேண்டும் என்று மேசனிடம் பிடிவாதம் பிடித்து அதைப் போட வைத்தது நான்தான். மாப்பிள்ளை வீட்டார் மெச்சிவிட்டுப் போனார்கள்.

அன்று மகள் பள்ளிக்கூடத்தில். லுஹர் தொழுவதற்குக் கை கால் கழுவி வுழு எடுத்துவிட்டு, ஹோல் கதிரையில் மடித்து வைத்திருந்த தொழுகைப் பாயை எடுக்கப் போனேன். கால் ஈரம் காயவில்லை. கேற்றடியில் செருமல் கேட்டது. வழமையை விட முந்தி வந்துவிட்டார். ஒரு கையில் பாய், மறு கையில் முக்காடு. சுவரைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. ஓடினேன். கால்மிதி என்னையும் இழுத்துக்கொண்டு வழுக்கியது.

மூட்டைகளுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தேன். இடுப்பில் உயிர் போகிற வலி. அந்த நேரத்திலும் நான் முதலில் தேடியது முக்காட்டைத்தான். அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, கூடவே வெட்கமும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர் ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. மகள் வரும் வரைக்கும் இப்படியே கிடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மேசையில் சோறு இல்லை. கேட்கவும் அவருக்குக் கூச்சம். பசியோடு கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டுத் திரைச்சீலைக்குக் கிட்ட வந்தார்.

"மாமி?"

"ஒண்டுமில்ல மகன். நீங்க இரிங்க."

"மாமி, எங்க இரிந்து கதைக்கிறீங்க? குரல் கீழ இரிந்து வருது."

திரைச்சீலையை விலக்கினார். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். அப்படித் தூக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பிறகு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். இன்னொரு தரம் விழுந்தால் எழும்பி நடப்பது கஷ்டம் என்றும் சொன்னார்கள். எப்படி விழுந்தீர்கள், தலைச்சுற்றா என்று டொக்டர் கேட்டார். பக்கத்தில் மருமகன் நின்றார். இவரைக் கண்டு ஓடினேன் என்று எப்படிச் சொல்வது?

"ஓம், தலைச்சுத்து" என்றேன்.

அந்த ஒரு பொய்க்காக இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். தலைக்குள் ஏதும் கோளாறோ என்று மகள் அழுதாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் மூட்டைகளை விறாந்தைக்கு மாற்றினாள். கால்மிதியை வீசினாள். நடைக்கு வெள்ளை பல்ப் போட்டு, சுவரில் பிடித்து நடக்கக் கம்பி அடிப்பித்தாள். "இனிப் பயமில்ல உம்மா" என்றாள். எல்லாம் திருந்திவிட்டது, நான் திருந்தவில்லை. வலி குறைந்து நடக்கத் தொடங்கியதும் மறுபடி ஒரு பகல் செருமல் கேட்டது. மறுபடி ஓடினேன். வெறும் தரையிலேயே கால் வழுக்கியது. கம்பியைப் பிடித்துத் தொங்கியதால் தப்பினேன். கம்பி அதிர்ந்த சத்தம் ஹோல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் செருமல் கேட்கவில்லை. ஹோலின் நடுவில் நின்று கதிரையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார். ஓடுவதற்கு உடம்பு திரும்பிவிட்டது.

"ஓடாதீங்க மாமி" என்றார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "இனி நான் செருமமாட்டன். அதுக்குத்தானே அண்டைக்கும் ஓடினீங்க."

"தலைச்சுத்து மகன்…"

"தலைச்சுத்து எண்டு நீங்க சொல்லக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு. உங்கட மகளுக்கிட்ட நான் சொல்லல்ல."

முகம் எரிந்தது. விழுந்த அன்று கூட இவ்வளவு வெட்கப்படவில்லை. என் பொய்யை அத்தனை நாளும் எனக்காகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். தன் செருமல்தான் என்னை விழுத்தியது என்பதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார். வாசலிலேயே நின்று ஃபோனை எடுத்து அதற்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார். நான் போய்ச் சேரும் வரைக்கும் உள்ளே வரமாட்டார் என்று விளங்கியது.

கதிரைகளைப் பிடித்துப் பிடித்துக் குசினிப் பக்கம் ஒவ்வொரு அடியாக வைத்தேன். பாதி வழியில் முக்காடு தோளுக்கு வழுக்கியது. கை தானாக மேலே போகப் பார்த்தது. நான் கதிரையின் முதுகை விடவில்லை.